நெல் காயும் ரோட்டில் ஓட்டிப் பழகியவன் ரேஸ் டிராக்குக்குப் போன கதை

எங்கள் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்கு ரோடு. அறுவடைக் காலம் வந்துவிட்டால் அந்த ரோட்டிலும் பாதியில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் ஆடு, எருமை, பின்விளக்கு இல்லாத டிராக்டர், மினி பஸ். இந்த ரோட்டில் மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு யாரைவிடவும் சீக்கிரம் போய்விடுவேன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு ராத்திரி வலங்கைமான் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தினேன். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் விளக்கே இல்லாமல் வந்தது. எப்படித் தப்பினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள். "வேகமா ஓட்டணும்னா அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும்ல. அங்க போய் ஓட்டிட்டு வாங்க. என்னையும் புள்ளையையும் வச்சுக்கிட்டு வேணாம்." நீடாமங்கலம் கேட்டில் நின்றால் சீக்கிரம் திறக்காது என்பது ஊரறிந்த விஷயம். கேட் திறப்பதற்குள் கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி பையனுக்குப் போன் போட்டு, டிராக் டே என்றால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

டிராக் டே ரேஸ் இல்லை. பரிசு கிடையாது, யார் முதல் என்ற பேச்சே கிடையாது. ரேஸ் டிராக்கை ஒரு நாளைக்கு எடுத்து, நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப்பார்க்க விடுகிறார்கள். புதியவர்கள், பழகியவர்கள் என்று தனித்தனிக் குழு. பதினைந்து இருபது நிமிடம் ஓட்டினால், அடுத்த முறை வரும் வரை வண்டிக்கும் நமக்கும் ஓய்வு.

தமிழ்நாட்டில் இதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு இடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது பெரியது, சுமார் 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். மன்னார்குடியிலிருந்து இரண்டுக்கும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான். சின்ன டிராக்கில் ஒரே வளைவு திரும்பத் திரும்பச் சீக்கிரம் வரும், செய்த தப்பை உடனே திருத்திக்கொள்ளலாம் என்றான் தம்பி. அதனால் செட்டிபாளையம். கரி என்பது கரிவரதன் என்ற கோயம்புத்தூர்க்காரரின் பெயர். மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கியவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் வந்த இந்த டிராக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பதிவு செய்வதில் கஷ்டம் எதுவும் இல்லை. லைசென்ஸ் நகல், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர், அப்புறம் 'எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு' என்று ஒரு நீளமான படிவத்தில் கையெழுத்து. அதைப் படித்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் நினைவு வந்தது. எனக்கு பாலிசி போட்டுக்கொடுத்த மாமாவைக் கேட்டேன். அவர் பாலிசியைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். ரேஸுக்கோ வேகச் சோதனைக்கோ வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று போட்டிருந்தது. "இது ரேஸ் இல்ல மாமா" என்றேன். "அத வண்டி சுவத்துல மோதுன பொறவு அவங்ககிட்ட சொல்லு" என்றார். கார் போனால் நம் பணம் போகிறது என்று முடிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். நான் கொண்டுபோனது கடன் முடிந்த, ஐந்து வயதான ஸ்விஃப்ட். கடன் பாக்கியிருக்கும் வண்டியில் போகாதீர்கள் என்பேன்.

செலவு? கட்டணம், பெட்ரோல், பிரேக் வேலை, ஒரு ராத்திரி லாட்ஜ் எல்லாம் சேர்த்து, மூணு மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்துக்குக் குறுவை நடவுக்கும் உரத்துக்கும் ஆகிற பணம் ஆகிவிட்டது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியைத் தயார் செய்ததில் எஞ்சின் பக்கம் கையே வைக்கவில்லை. எல்லாம் பிரேக்கும் டயரும்தான். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னேன். "நல்லாத்தானே பிடிக்குது, எதுக்கு?" என்றார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-க்கு வந்துவிடுகிறது. டிராக்கில் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இதைச் சொன்னதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். "நம்ம ஊர்ல ஜாடியில இருக்கிற உப்பே தண்ணி விட்டுக் கெடக்கு. ஆயில் மட்டும் சும்மா இருக்குமா." பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. முன் பிரேக் பேடும் மாற்றி, நான்கு சக்கர நட்டையும் அளவு காட்டும் ஸ்பானர் வைத்து முறுக்கிக் கொடுத்தார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, இரண்டு நாள் நான் இல்லாவிட்டால் எதுவும் ஆகிவிடாது. தஞ்சாவூர், திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம். பல்லடம் பக்கம் வந்ததும் ஆடிக்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டிச் சோதனை. பேட்டரி ஆடுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, டயரில் வெட்டு இருக்கிறதா, இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். டிக்கியைத் திறந்தேன். யூரியா சாக்கு இரண்டு, தார்ப்பாய், கயிறு, குடை, ஒரு மண்வெட்டிப் பிடி. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் கும்பிட்டு எடுத்தேன். மிதியடியைத் தூக்கினால் கீழே ஒரு கைப்பிடி நெல். சோதித்தவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அம்மா வேலை அது. நான் கிளம்பும்போது எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். சோதித்தவர் சிரிக்கவில்லை. பழத்தை வண்டித் தரையில் வைத்து விரலால் லேசாகத் தள்ளினார். அது உருண்டுபோய் நேராக பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் நின்றது. "இப்ப மிதிங்க பாக்கலாம்" என்றார். மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை. நைலான் வகைத் துணி தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கூடாது. முகம் மூடும் ஹெல்மெட் கட்டாயம். அடி தடிக்காத ஷூ. நான் வெறுங்காலில் ஓட்டியே பழகியவன், ஷூ போட்டதும் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்புறம் கொடிகளைப் பற்றி ஒரு வகுப்பு. மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக உள்ளே வந்துவிடு. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான வண்டி. கறுப்பு என்றால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கட்டம் போட்ட கொடி, நேரம் முடிந்தது. சொன்ன இடத்தில் மட்டும், அதுவும் முன்னால் இருப்பவர் கை காட்டினால் மட்டும் முந்தலாம்.

எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஐம்பது வயதுக்காரர், குரலே உயர்த்த மாட்டார். முதலில் என் சீட்டை முன்னுக்கு இழுக்கவைத்தார். ஸ்டீயரிங் உச்சியில் மணிக்கட்டு படிய வேண்டும், பிரேக்கை முழுக்க அமுக்கும்போதும் முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். இத்தனை வருடம் நான் சாய்வு நாற்காலியில் உட்கார்வது போல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

முதல் சுற்றுகள் அவர்கள் வண்டிக்குப் பின்னால் வரிசையாக. வளைவுக்கு முன் வெளி ஓரம், வளைவின் உள் முனையை ஒட்டி, பிறகு மறுபடி வெளி ஓரம். ஒவ்வொரு இடத்திலும் கோன் வைத்திருந்தார்கள். இரண்டாவது முறை அவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இரண்டு வளைவு போனதும் கேட்டார்.

"எங்கீங்க பாக்கறீங்க?"

"ரோட்டத்தான்ணே."

"பானெட்டுக்கு முன்னால எரும எதும் நிக்கலைங்க. அடுத்த கோனைப் பாருங்க. கை தானா அங்க போகும்."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் நான் எருமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ரோட்டில் இருபதடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் உயிர். இங்கே கண்ணைத் தூக்கி அடுத்த வளைவின் முனையைப் பார்க்க வேண்டும், அதற்குள் மனது அதற்கும் அடுத்ததற்குப் போக வேண்டும். தலையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பயமாக இருந்தது. ஆனால் பார்த்த இடத்துக்கு வண்டி போனது.

பிரேக் அதைவிட மோசம். விட்டு விட்டு மிதிப்பது என் பழக்கம், கூடவே கிளட்சையும் அமுக்குவது. "பூ வைக்கற மாதிரி மிதிக்கறீங்க" என்றார். நேராகப் போகும்போதே ஒரே மிதியாக, முழு பலத்தோடு. வேகம் குறைந்ததும் காலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். நான் பயந்து பயந்து மிதித்தேன். நாலாவது தடவை உண்மையாகவே மிதித்தபோது பெடல் காலுக்கடியில் அரிசி மில் போல நடுங்கியது. ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டேன். அது ஏபிஎஸ், சக்கரம் இறுகி வழுக்காமல் பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கும் அமைப்பு. நடுங்கட்டும், காலை எடுக்காதீங்க என்றார். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன், என் பிரேக் முழுக்கப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த டிராக்டருக்கு முன்னால் நான் பிடித்தது பாதி பிரேக்தான்.

உள்ளே வந்து நிறுத்தியதும் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அன்று அவர் சத்தம் போட்டது அப்போது மட்டும்தான். சூட்டில் விரிந்த பின் பிரேக் டிரம் ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவைத்து வர வேண்டும் என்பதையும் நான் மறந்திருந்தேன். டயர் காற்றும் 33 வைத்துப் போனது 39 காட்டியது. சூட்டில் ஏறிய காற்று. இறக்கிவிட்டோம்.

மூன்றாவது முறை தனியாக. ஒரு சின்னப் பெண், கல்லூரியில் படிப்பவளாக இருக்கும், பழைய மாருதி 800-ல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். நீலக் கொடி காட்டினார்கள். எங்கள் ஊர் மினி பஸ்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள், வழி விடுவது பரம்பரைக்கே அவமானம். கையை வெளியே நீட்டி வழி காட்ட எனக்கு ஒரு சுற்று ஆனது. அவள் போனதும் விடாமல் துரத்த நினைத்தேன், அங்கேதான் தப்பு. அடுத்த வளைவில் அதிக வேகத்தில் நுழைந்து, பாதியில் பயந்து ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக விட்டேன். எடை முன்னுக்குப் போய், பின்பக்கம் லேசாகி, வால் சுற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் சொன்னது ஒன்று மட்டும் நினைவிருந்தது: சுற்றினால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அமுக்கு. வண்டி புல்லில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. டிராக் ஓரம் கொடியோடு நிற்கும் மார்ஷல் கை காட்டும் வரை நகரவில்லை. எதிலும் இடிக்கவில்லை.

உள்ளே வந்ததும் பயிற்சியாளர் வண்டியைச் சுற்றி வந்து, சக்கர விளிம்பிலிருந்து புல்லைப் பிடுங்கிவிட்டு, "டீ குடிச்சுட்டு மறுபடியும் போங்க" என்றார். நாலாவது முறை யாரையும் துரத்தவில்லை. அந்த ஒரு வளைவை மட்டும் பன்னிரண்டு தடவை ஓட்டினேன். அதில் மூன்று தடவை சரியாக வந்தது.

திரும்பும்போது கரூரில் சாப்பிட்டுவிட்டு, எண்பதைத் தாண்டாமல் வந்தேன். ஒழுக்கம் வந்துவிட்டது என்றில்லை, தோள் இரண்டும் கழன்றுவிட்டன. மெக்கானிக் அண்ணன் டயர் ஓரம் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார். சம்பா அறுவடை முடிந்து தையிலோ மாசியிலோ போக வேண்டும், அதற்குள் இரவல் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும்.

அம்மாவிடம் எலுமிச்சம்பழம் பெடலுக்குப் பின்னால் உருண்ட கதையைச் சொன்னேன், இனிமேல் வைக்காதீர்கள் என்பதற்காக. வண்டி சுற்றிப் புல்லில் நின்றதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

"அத எடுத்து வெளிய போட்டேல்ல," என்றார், "அதான் சுத்துச்சு."