பன்னுக்கு ஒரு காய்

ஸ்வீடனின் உப்சாலாவில் நாங்கள் குடியேறிய முதல் நவம்பர் அது. மூன்றரை மணிக்கே இருட்டிவிட்ட ஒரு மாலையில், மழையும் பனியும் கலந்து நனைத்த மேலங்கியோடு குடியிருப்பின் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, மாடிப்படியில் ஏலக்காய் மணந்தது. டப்பாவைத் திறந்தால் வருகிற மணம் அல்ல அது. பாயசம் இறக்கும் நேரத்தில் தட்டிப் போட்ட ஏலக்காய் சூடு பட்டு எழுப்புமே, அந்த மணம். கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். இந்தக் கட்டடத்தில் நம்மவர் வேறு யாரோ இருக்கிறார்கள், இன்று அவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்றுதான் முதலில் தோன்றியது. தரைத்தளத்தில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். தமிழ்ப் பெயர் எங்களுடையது ஒன்றுதான் இருந்தது.

ஏலக்காய் மணத்துக்கு ஒருத்தி இப்படி நிற்பாளா என்று கேட்பவர்களுக்கு, நான் போடிநாயக்கனூர்க்காரி என்பதைச் சொல்ல வேண்டும். ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர் எங்களுடையது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது எங்களுக்காகத்தான் என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். விடியுமுன் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் கூலிக்குப் போகும் பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கித் தோட்டங்களில் காய் எடுப்பார்கள். எடுத்த காய் தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து, ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டி, மூட்டையாகக் கீழே இறங்கும். அம்மா மலைக்குப் போனதில்லை. கீழே ஒரு கிடங்கில் காய் பிரிக்கிற வேலை அவருக்கு. சல்லடையில் சலித்து, பருமனானதும் பச்சை நிறம் மாறாததும் ஒரு பக்கம், சிறுத்ததும் வெளுத்ததும் மறுபக்கம் என்று பிரித்துப் பிரித்து, அவர் விரல்களுக்குக் கண்ணின் உதவியே தேவைப்படாமல் போயிருந்தது. மாலையில் அவர் வீட்டுக்குள் வந்தால், சமையலறையில் கொதிக்கும் குழம்பின் வாசனையே சற்று நேரம் அடங்கிவிடும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஏலக்காய் எண்ணித்தான் செலவாகும். வீட்டுக்கு வாங்குவது வாய் வெடித்த காய் மட்டுமே. பருமனான காய் வெளியூர் போவதற்கென்றே பிறந்தது என்று அம்மா சொல்வார். பாயசத்துக்கு இரண்டு காய், கேசரிக்கு ஒன்று. காய்க்குள் இருக்கும் விதையை, அதாவது ஏலரிசியை, உதிர்த்துச் சர்க்கரையோடு நுணுக்கிய பிறகு, தோலைத் தேயிலை டப்பாவில் போட்டு மூடிவைப்பார். வெறும் தோல் போட்ட அந்தத் தேநீரைக் குடித்துத்தான் நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தேன்.

மணம் இரண்டாம் மாடியில், இடப்பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. முன்பின் அறியாதவர்கள் வீட்டுக் கதவை இந்த நாட்டில் தட்டலாகாது என்று அலுவலகத்தில் சொல்லித் தந்திருந்தார்கள், நானும் தட்டவில்லை. ஆனால் படியில் யாரோ நின்றபடி அசையாதிருப்பதை உள்ளிருந்தவர் உணர்ந்திருக்க வேண்டும். கதவு திறந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கையெல்லாம் மாவோடு நின்றார். எனக்கு அப்போது தெரிந்திருந்த இருபது முப்பது ஸ்வீடிஷ் சொற்களில் அந்த நேரத்துக்கு உதவுவது ஒன்றும் இல்லாததால், மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு நெஞ்சில் கை வைத்தேன். அவர் சிரித்தார். "கார்டெமும்மா" என்றார். ஏலக்காய்க்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். கடைசியில் ஓர் அம்மாவையே வைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சொல்லை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். அதற்குப் பின் நான் மறக்காத ஸ்வீடிஷ் சொல் அது ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை. காகிதப் பையில் இரண்டு பன்களைப் போட்டுக் கையில் கொடுத்து, சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதைச் சைகையால் சொல்லிக் கதவை மூடினார்.

வீட்டுக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் நின்றபடியே ஒன்றைப் பிட்டேன். பூ தொடுக்கிற நாரைச் சுற்றி முடிந்தாற்போன்ற வடிவம். மேலே பழுப்பு நிறம். மடிப்புகளின் இடையிடையே கறுப்புப் பொடி. மூக்கு ஒன்றைச் சொல்ல, நாக்கு வேறொன்றைக் கண்டது. மணம் பொங்கலையும் நெய்யையும் வாழையிலையையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. வாய்க்குள் இருந்ததோ ரொட்டி. இனிப்பு நாம் எதிர்பார்ப்பதில் பாதிகூட இல்லை. நுணுக்காத ஏலரிசி பல்லில் கடிபட்டு ஒவ்வொரு கடிக்கும் காரமாகத் தெறித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கணவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அறிந்த முகம் ஒன்று அறியாத மொழியில் பேசுவதைக் கேட்டாற்போல் இருந்தது. அவர் இரண்டாவது பன்னைத் தேநீரில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, நம் ஊர் டீக்கடைப் பன்னுக்கு இப்படி ஒரு வாழ்வு வந்திருக்கிறது என்று மனம்நிறைந்து சொன்னார்.

அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "ஏலக்காயப் போயி ரொட்டியில போடுவாகளா?" என்று கேட்டார். கோயில் காரியத்துக்கு எடுத்துவைத்ததை யாரோ வேறு எதற்கோ செலவழித்துவிட்ட வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. "மைதா மாவுல போட்டா மணம் நிக்குமா? எத்தன காய் போட்டாகளாம்?" அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடை இல்லை.

விடை தேடித்தான் நானே சுட்டுப் பார்க்க முடிவு செய்தேன். மளிகைக் கடையின் வாசனைப் பொருள் அடுக்கில், சின்னஞ்சிறு பொட்டலத்தில் ஏலரிசி மட்டும் தனியாக விற்றார்கள். தோல் இல்லை, பச்சை நிறம் இல்லை. கறுத்த அரிசி மட்டும். பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் விளைந்த நாட்டைத் தேடினேன். குவாத்தமாலா என்றிருந்தது. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை. அந்த மத்திய அமெரிக்க நாட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். இன்று உலகில் மற்ற எந்த நாட்டையும்விட அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது குவாத்தமாலாதான் என்பது ஊரில் இருந்தபோதே நான் கேட்டறிந்த செய்தி. விலை இறங்கும் காலங்களில் போடியின் கிடங்கு வாசல்களில் அந்தப் பெயரைப் பெருமூச்சோடு உச்சரிப்பார்கள். ஆனால் கேட்டறிந்த செய்தி வேறு; பல்லாயிரம் கல் தொலைவில், ஊரை விட்டு வந்த ஏக்கத்தோடு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்க்கையில் அதில் நம் மலையின் பெயர் இல்லாதது வேறு. எனக்கு அது வலித்தது. பொட்டலத்தை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்தேன். இந்த நாட்டில் குளிரையும் இருட்டையும் பற்றி நான் குறைபட்டுக்கொண்டதைவிட, அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதே அதிகம். தைக்கு முன் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா கால் கிலோ காய் கொடுத்தனுப்பும்வரை நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வந்தவை வெடித்த காய்கள் அல்ல. வாழ்நாளில் முதல் முறையாக, அம்மா காசு கொடுத்துப் பருமனான காய் வாங்கியிருந்தார்.

சுடுவதற்கு இரண்டாம் மாடிப் பாட்டியையே அழைத்தேன். இங்கே வயதில் மூத்தவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பெயரிட்டு அழைக்க எனக்கு நா எழாததால், மனத்துக்குள் அவர் பாட்டியாகவே இருந்தார். அவருடைய செய்முறையில் தராசுக்கு அதிக வேலை இல்லை. பால் ஐந்து டெசிலிட்டர், அதாவது அரை லிட்டர், சர்க்கரை ஒன்றரை டெசிலிட்டர், மாவு ஏறத்தாழ பதின்மூன்று டெசிலிட்டர். வெண்ணெய் 150 கிராம், ஈஸ்ட் 50 கிராம் மட்டும் பொட்டலத்துக் கணக்கு. வளையத்தில் கோத்த அளவுக் கரண்டிகளை அவர் எடுத்து வைத்தபோது, படியும் உழக்கும் ஆழாக்கும் வரிசையாக இருந்த எங்கள் அரிசிப் பானை மூலை நினைவுக்கு வந்தது. முகந்து அளப்பவர்களுக்குள் ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது. பால் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டு, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் அந்தப் பதத்துக்கு அவர்கள் மொழியில் 'விரல்சூடு' என்று பொருள்படும் ஒரு சொல் இருப்பதைச் சொன்னார். தயிருக்கு உறை ஊற்றுமுன் அம்மா விரலை விட்டுப் பார்ப்பதும் அதே பதத்துக்குத்தான். நானும் விரலை விட்டுப் பார்த்துச் சரி என்றேன். எனக்குத் தெரிந்த ஒன்றை இந்த நாட்டில் யாரோ என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டது அன்றுதான் முதல் முறை.

பிசைந்த மாவைத் துணி போட்டு மூடி வைத்தோம். அடுப்பின் விளக்கை எரியவிட்டு, கம்பளி சுற்றி, இரண்டு நாள் காத்திருந்தும் புளிக்க மறுத்த என் இட்லி மாவை நினைத்துக்கொண்டே அமர்ந்திருந்தேன். இதுவோ முக்கால் மணி நேரத்தில் துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. தேய்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் ஏலப்பொடியும் பூசி, மடித்து, பட்டையாக அறுத்தோம். ஒவ்வொரு பட்டையையும் முறுக்கி, இரண்டு விரல்களில் இரு சுற்றுச் சுற்றி, நுனியை அடியில் செருக வேண்டும். கைமுறுக்குச் சுற்றிப் பழகிய விரல்கள் இதை உடனே பிடித்துக்கொண்டன. என் சுற்று தன்னுடையதைவிட இறுக்கமாக இருக்கிறது என்று பாட்டி எடுத்துப் பார்த்துச் சொன்னபோது, தீபாவளிக்கு முந்தைய இரவில் திண்ணையில் விரித்த வெள்ளைத் துணியும், அதைச் சுற்றி அமர்ந்த அத்தைமார்களும், அவர்களில் இப்போது இல்லாத இருவரும் என் கண் முன் வந்தார்கள்.

ஆனால் அன்று நடந்ததில் நான் மிகவும் போற்றுவது, மாவு பொங்கக் காத்திருந்த வேளையில் நடந்ததைத்தான். ஏலப்பொடிக்காக நான் ஊர்க் காய்களை மேசையில் கொட்டினேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு காயை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் முனையைக் கீறி, அரிசியை உள்ளங்கையில் உதிர்த்தார். அந்தச் செய்கை ஏற்கெனவே பழகியதாக இருந்தது. தாம் சிறுமியாக இருந்தபோது அரிசி தனியாக வாங்கும் வழக்கம் தங்கள் வீட்டில் இல்லை என்றும், கிறிஸ்துமஸுக்கு முன் காயை உரித்துத் தருவதே பிள்ளைகளின் வேலை என்றும், ஆனால் அந்தக் காய்கள் வெளிறிப்போய் வைக்கோல் நிறத்தில் இருக்கும், இத்தனை பச்சையாக ஒன்றைக் கண்டதில்லை என்றும் மெதுவாக, எனக்குப் புரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதிரெதிரே அமர்ந்து இருவரும் உரித்தோம். ஒரு மேசைக்கரண்டி நிறைவதற்கு நாற்பதுக்கு மேல் காய்கள் தேவைப்பட்டன. முடித்ததும் அவர் தோல்களைக் குப்பைக்கு வழித்தபோது, என்னையறியாமல் என் கை குறுக்கே போய்விட்டது. தேயிலை டப்பாவின் கதையை எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் சொன்னேன். அவர் தோல்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பங்கைத் தம் முன்கட்டுத் துணியின் பையில் போட்டுக்கொண்டார்.

இரவு அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். நாற்பது காய் என்றதும் மறுமுனையில் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "எத்தன பன் வந்துச்சு?" என்று பிறகு கேட்டார். நாற்பது என்றேன். "அப்ப பன்னுக்கு ஒரு காய். சரி, போகட்டும். கேசரிக்கே ஒண்ணு போடுறோமே" என்று தமக்குள் கணக்கை முடித்துக்கொண்டார்.

ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சலவை அறைக்கு நேரம் குறிப்பதும், வழுக்கும் பனியில் காலை அழுத்தாமல் நடப்பதும், பிற்பகலின் ஃபீக்கா நேரத்தில் வேலையை வைத்துவிட்டுக் காபிக்கு எழுவதும் எனக்குப் பழகிவிட்டன. அக்டோபர் 4 இலவங்கப்பட்டைப் பன்னுக்கான நாள் என்றும், டிசம்பர் 13 லூசியா நாளுக்குக் குங்குமப்பூப் பன் என்றும், சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கு பாதாம் விழுதும் பாலேடும் நிறைத்த செம்லா என்றும் என் மகள் ஆண்டை அடுக்கிச் சொல்கிறாள். இலவங்கப்பட்டைப் பன்னின் மாவிலும் ஏலக்காய் உண்டு, செம்லாவின் மாவிலும் உண்டு. நான் இங்கே நிலைபெற்றுவிட்டேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் 2023 ஜூனில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது என்று கேட்டபோது, மீட்டர் கேஜ் பாதையை மூடிய 2010க்குப் பின் புல் மண்டிக்கிடந்த நடைமேடையில் அம்மாவோடு நடந்ததை நினைத்து, அடுப்பில் இருந்த பன்களைக் கருகவிட்டேன்.

போன வாரம் பாட்டி காபிக்கு அழைத்தார். முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தேன். அவர் பேசாமல் எழுந்து, அலமாரியிலிருந்து காபித்தூள் டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்து காட்டினார். கரும்பழுப்புத் தூளுக்குள், இன்னும் சற்றே பச்சை மாறாமல், உரித்த ஏலக்காய்த் தோல்கள் கிடந்தன.