மூக்கடைப்பு என்று திருப்பி அனுப்பிய கடை

அந்தமானுக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் பாதிப் பேருக்கு ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது) ஞாபகம் வருகிறது. "எந்தக் கடை நல்லதுண்ணா, என்னென்ன வாங்கணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் பேசி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், இனி லிங்க் அனுப்பினால் போதும். கடைப் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். டைவ் கடை என்பது அந்த சீசனில் அங்கே வேலை பார்க்கிற ஆட்கள்தான். போன வருஷம் எனக்குப் பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்தவர் இந்த வருஷம் வேறு தீவில் இருப்பார்.

என் முதல் டைவ் ஹேவ்லாக்கில் (இப்போது பெயர் ஸ்வராஜ் தீவு). ஹோட்டலில் கைகாட்டிய இடம். ஒரு தாளை நீட்டி, "எல்லாத்துக்கும் நோ போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்கள். போட்டேன். அது மருத்துவக் கேள்வித்தாள் என்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதில் ஆபரேஷன் எல்லாம் அதில் கேட்டிருக்கும், சிலவற்றுக்கு ஆம் என்றால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கவே கூடாது. கழுத்தளவுத் தண்ணீரில் பத்து நிமிஷப் பாடம், அப்புறம் ஒருவர் பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்குகிற மாதிரி என் சிலிண்டர் வால்வைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாஸ்க் ஒழுகியது. நான் மைனஸ் மூன்றரை பவர்க்காரன், கண்ணாடியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருந்தேன், அவர் ஆசையாகக் காட்டிய கோமாளி மீன் எனக்கு ஆரஞ்சுக் கறையாகத்தான் தெரிந்தது. போட்டோ மட்டும் அருமையாக வந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே தீவில் வேறொரு கடையில் ஓபன் வாட்டர் கோர்ஸ் (டைவருக்கான முதல் சான்றிதழ் அட்டை தருகிற கோர்ஸ்) சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பு, இரண்டாம் நாள் காலை கடலில் இறங்க வேண்டும். குட்மார்னிங் சொன்னதும் இன்ஸ்ட்ரக்டர் முகத்தைச் சுளித்தார். "என்ன, குரல் மூக்கில வருது? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்க, ரெண்டு காதும் திறக்குதா?" வலது காது திறந்தது. இடது காது கப்சிப். "இன்னைக்கு வேண்டாம்." மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அதற்குத்தான் கோபமே வந்தது அவருக்கு. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடும். நடுக்காதுக்கு மூக்கு வழியாகக் காற்று போய்ச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை உள்வாங்கும், கிழியவும் செய்யும். சளி மாத்திரை போட்டால் இறங்கும்போது அடைப்பு விட்டுவிடும், ஆனால் மருந்தின் வேகம் கீழே இருக்கும்போதே தீர்ந்துபோனால் ஏறும்போது விரிகிற காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். மேலே வந்தே ஆகவேண்டும், வலியோ வர விடாது. இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. நான் கரையில் டீ குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், செம கடுப்பு. கூடுதல் பணம் வாங்காமல் இரண்டு நாள் கழித்து இறக்கினார்கள்.

அதிலிருந்து நான் கடையை அளக்கிற விதம் இதுதான்: நம்மிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்? கடைசியாக எப்போது டைவ் பண்ணினீர்கள், ராத்திரி தண்ணி அடித்தீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஊருக்கு எப்போது ஃபிளைட். போனில் விசாரிக்கும்போதே இதில் ஒன்றிரண்டு அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். "வாங்க சார், நீச்சல்கூட தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொல்கிற இடத்தை நான் தாண்டிப் போய்விடுவேன். அது பொய் இல்லை, ஆளோடு கைபிடித்து இறங்குகிற ட்ரை டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. ஆனால் ஓபன் வாட்டர் கோர்ஸுக்கு 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், பத்து நிமிஷம் மிதக்கவேண்டும், அதைச் சோதிக்காமல் அட்டை கொடுக்கிறவர் வேறு எதையெல்லாம் விட்டார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவேண்டியதும் உண்டு. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? (முதல் தடவை என்றால் இரண்டுக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், விதி எவ்வளவு அனுமதித்தாலும்.) நாம் கீழே இருக்கும்போது படகில் ஆள் இருப்பாரா? ஆக்சிஜன் கிட் படகிலேயே இருக்கிறதா, கடையில் பூட்டி வைத்திருக்கிறார்களா? யாருக்காவது டிகம்ப்ரெஷன் நோய் (அழுத்தம் சட்டென்று குறைந்து, உடம்பில் கரைந்த வாயு குமிழியாவது) வந்தால் அழுத்த அறை சிகிச்சைக்கு எங்கே கொண்டுபோவார்கள்? கடைசிக் கேள்விக்குத் திணறாமல் பதில் வந்தால் அந்தக் கடையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று எந்தப் பயிற்சி அமைப்பின் போர்டு தொங்குகிறது என்பதைப் பற்றி ரொம்பக் குழம்பாதீர்கள், கோர்ஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான், 18 மீட்டர் ஆழம் வரை போகலாம், ஒன்றின் அட்டையை மற்றக் கடைகள் ஏற்றுக்கொள்ளும். வாசலில் ஒட்டியிருக்கிற ஐந்து நட்சத்திரம் ஹோட்டல் நட்சத்திரம் மாதிரி இல்லை, அதை வைத்து உபகரணம் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. இன்ஸ்ட்ரக்டரின் உறுப்பினர் எண்ணை வாங்கி அந்த அமைப்பின் தளத்தில் அவர் நடப்பில் இருக்கிறாரா என்று பார்ப்பது உருப்படியான வேலை.

கடல் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அந்தமானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அலையும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். புதுச்சேரிக் கடல் ஒரு நாள் கண்ணாடி, மறுநாள் மோர். "இன்னைக்கு மோர்தான் சார், நாளைக்குப் பார்க்கலாம்" என்று போனிலேயே சொல்கிற ஆளுக்கு நான் விசுவாசமான வாடிக்கையாளன்.

இப்போது சாமான். வாடகைக்குத் தருவதைக் கூச்சப்படாமல் பாருங்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டிருக்கிறார்களா, வாயில் கடிக்கிற ரப்பர் கிழிந்திருக்கிறதா, குழாய்கள் மடங்குகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாடை இல்லை என்பதும் முழு உத்தரவாதம் கிடையாது, சிலிண்டரில் காற்று அடைக்கிற கம்ப்ரெஸர் காற்று உறிஞ்சுகிற குழாய்க்குப் பக்கத்தில் டீசல் புகை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும், அதற்கு வாடையே இல்லை. கம்ப்ரெஸர் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒரு தடவை பார்க்கட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.

ஒரு சோதனையை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ஒருமுறை படகில் எல்லாம் மாட்டித் தந்துவிட்டார்கள், சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டுகிற கேஜில் முள் சரியாக 200 பாரில் நின்றது, குதிக்க வேண்டியதுதான் பாக்கி. பழக்கதோஷத்தில் முள்ளைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி) நாலு மூச்சு இழுத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் 150 வரை சரிந்து, மூச்சை விட்டதும் ஊர்ந்து ஊர்ந்து 200-க்கு ஏறியது. வால்வை யாரோ திறந்து, பிறகு மூடி, கடைசியில் கால் சுற்று மட்டும் திறந்து வைத்திருந்திருக்கிறார்கள். மேலே அந்தச் சந்து வழியாக வருகிற காற்று போதும். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று வேண்டும், அங்கே வராது. மாட்டித் தந்த பையனிடம் காட்டினேன், ஒன்றும் பேசாமல் திருகிவிட்டுப் போனான். நல்ல பையன்தான், அன்றைக்கு அவனுக்கு அது பதினாறாவது சிலிண்டரோ என்னவோ.

சொந்தமாக வாங்குவதென்றால் முதலில் மாஸ்க், அதுவும் கடைக்கு நேரில் போய். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தால் அதுவாக ஒட்டி நிற்கவேண்டும். விலை கூடினால் முகத்துக்குப் பொருந்தும் என்றில்லை. மூக்கை மூடுகிற பை இருக்கவேண்டும், நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. நம் ஆட்களுக்கு மீசை ஒரு பிரச்சினை, மூக்குக்குக் கீழே ஒரு நூல் அகலம் மழித்துக்கொண்டால் ஒழுகல் பெரும்பாலும் நிற்கும். (வீட்டில் கேட்டால் ஸ்டைல் என்று சொல்லிக்கொள்ளலாம்.) புது மாஸ்கில் தயாரிப்பின்போது படிந்த சிலிக்கோன் படலம் இருக்கும், உள்பக்கக் கண்ணாடியில் சாதாரண வெள்ளைப் பேஸ்ட்டைத் தேய்த்து இரண்டு மூன்று தடவை கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். பவர் உள்ளவர்கள் பவர் லென்ஸ் பொருத்தக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கியபோதுதான் கோமாளி மீனின் வெள்ளைப் பட்டைக்கு மெல்லிய கறுப்புக் கரை உண்டு என்று பார்த்தேன்.

இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுகிற, கையில் கட்டும் கருவி. கைடு கையில் கட்டியிருக்கிறாரே என்பார்கள். அது அவர் போன ஆழத்தின் கணக்கு, நீங்கள் அவருக்கு மூன்று மீட்டர் கீழே ஆமையைத் துரத்திக்கொண்டிருந்தது அதற்குத் தெரியாது. சாதாரண மாடலே போதும், அதற்கே 20,000 ரூபாய்க்கு மேல் ஆகலாம், அதனால் கோர்ஸ் முடித்து இது நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். ரெகுலேட்டர், பிசிடி (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட்) எல்லாம் முப்பது நாற்பது டைவ் வரை வாடகையே நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பார்க்கவேண்டும், அதற்கு ஆள் தேடி அலைவது தனி வேலை. ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (நீரில் போடும் ரப்பர் உடை) உங்கள் இஷ்டம். கத்தி வேண்டாம். எல்லோரும் முதலில் கத்தியைத்தான் கேட்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

அப்புறம் டிக்கெட் விஷயம். டைவ் முடிந்த உடனே விமானத்தில் உயரே போனால் அதே டிகம்ப்ரெஷன் வரலாம். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள், நான் ஒரு முழு நாள் விடுவேன். ஆகவே டைவை ஊர் சுற்றலின் முன்பாதியில் வையுங்கள், செல்லுலார் ஜெயிலைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள், சளி பிடித்தால் ஒத்திப்போட நடுவில் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.