லாகீஸில் கல் சுமந்தது யார்?

கட்டட சைட்டிலேயே காலம் தள்ளியவனுக்கு எந்தக் கோட்டையைப் பார்த்தாலும் எத்தனை லோடு, எத்தனை ஆள் என்றுதான் மனசு ஓடும். இந்த வாரம் அப்படி மாட்டிக்கொண்டது லாகீஸ்.

இன்றைய இஸ்ரேலில், பழைய யூதா நாட்டின் கோட்டை நகரம் அது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் அதை முற்றுகையிட்டு, இடிப்பு யந்திரங்களை மதில்வரை ஏற்ற ஒரு கல் சாய்தளம் போட்டான். அதன் மிச்சம் இன்றும் அங்கே கிடக்கிறது. கல் ஒன்று சுமார் 6.5 கிலோ, மொத்தம் 30 லட்சம் கல் என்று 2021இல் தொல்லியலாளர் யோசெஃப் கார்ஃபிங்கல் குழு மதிப்பிட்டது. பெருக்கினால் 19,500 டன். பத்து டன் லாரியில் 1,950 லோடு! எல்லாம் கையால். வரிசையாக நின்று இரவு பகலாகக் கைமாற்றினால் 25 நாளில் முடிந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. கான்கிரீட் போடும் நாளில் சட்டி மாற்றியவர்களைக் கேளுங்கள், மத்தியானத்துக்கு மேல் கை ஓடாது. இங்கே மதில் மேலிருந்து அம்பு வேறு.

சரி, அந்த வரிசையில் நின்றது யார்? போர்க்கைதிகளும் பிடித்து வரப்பட்டவர்களும்தான் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். பக்கத்து ஊர் ஆட்களாக இருந்திருந்தால், சொந்தபந்தம் இருக்கும் ஊருக்குள் படை ஏற அவர்களே வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களும் மதிலை ஒட்டி மண்ணைக் கொட்டி எதிர்மேடு எழுப்பினார்கள். டேவிட் உஸ்ஸிஷ்கினின் அகழாய்வில் அது வெளிப்பட்டது.

தன் தலைநகரான நினிவேயின் அரண்மனைச் சுவரில் சனகெரிப் இந்த வெற்றியைச் செதுக்க வைத்தான். அந்தப் பலகைகள் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. யந்திரம் தீப்பிடிக்காமலிருக்க ஒருவன் நீளமான அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். இன்னொரு பக்கம் மாட்டுவண்டி, அதில் மூட்டைகள், மூட்டைமேல் பெண்களும் பிள்ளைகளும். கல் சுமந்தவர்களைக் காணோம். 46 மதில் நகரங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரைக் கொண்டுபோனதாகவும் அவன் சாசனம் சொல்கிறது. அந்த பில்லை அப்படியே பாஸ் பண்ண மாட்டேன்.

அசீரியப் பேரரசால் வியாபாரம் வளர்ந்தது என்பவர்கள், யூதாவுக்குப் பக்கத்தில் இருந்த பெலிஸ்திய நகரமான எக்ரோனைக் காட்டுவார்கள். அசீரியருக்கு அடங்கி நடந்த அந்த ஊரில் 100க்கு மேற்பட்ட ஆலிவ் எண்ணெய் ஆலைகள் கிடைத்திருக்கின்றன. உண்மைதான். ஆனால் யூதாவின் அடிவாரக் கிராமங்களில் பல மறுபடி எழவேயில்லை. லாகீஸில் பிறகு குடியேறியவர்களின் ஊர் முன்னதைவிட எளியது, அதையும் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எரித்தார்கள்.