இராயப்பர் கோயிலில் ஒரு சாயங்காலம்

மறுநாள் சென்ட்ரலில் ரயில். மிஷனெரி ஊழியத்துக்குத் திரும்ப வேண்டும், மனசுதான் கிளம்பவில்லை. ஜார்க்கண்டில் மூன்று வருஷம், இரண்டு முறை மலேரியா, பாஷை இன்னும் பாதிதான். போன மழைக்காலத்தில் ராத்திரி யாரோ கதவைத் தட்டி, "ஊரை விட்டுப் போய்விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. பயம்கூடப் பரவாயில்லை. என்னை அழைத்தது ஆண்டவர்தானா, இல்லை கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் பாட்டு உருக்கத்தில் ஊழியத்துக்கு வருகிறேன் என்று நானாகக் கை தூக்கிவிட்டேனா என்ற சந்தேகம்தான் அரித்தது. ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் இதையெல்லாம் எழுத முடியுமா? காணிக்கை அனுப்புகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருக்கும் அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சரி, நேரம் போகட்டும் என்று அங்கிருந்த பேதுரு கோயிலுக்குள் நுழைந்தேன். நாங்கள் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை; கத்தோலிக்கக் கோயிலில் போய் உட்காரும் பழக்கம் வீட்டில் கிடையாது.

பேதுருவைப் பழைய கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. கோயிலைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். மதராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தள்ளியே நிற்கும். ஆட்களை மசூலா படகில்தான் அலை தாண்டிக் கரை சேர்ப்பார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் பிளக்காமல் வளைந்து கொடுக்கும். வெள்ளைக்கார மிஷனெரிகளும் அதில் நடுங்கிக்கொண்டுதான் வந்து இறங்கியிருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். முழங்கையில் மீன் செதில் ஒன்று காய்ந்து மின்னியது. மகன் ஆழ்கடலுக்குப் போய்ப் பத்து நாளாம். "பயமா இருக்காம்மா?" என்றேன்.

"பயம் இல்லாங்காட்டி இங்க இன்னாத்துக்கு வரப்போறேன்? நீ எந்த ஊருக்குப் போற?"

சொன்னேன்.

"அங்க கடல் இருக்குதா?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னா!"

சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். பேதுரு தண்ணீரில் நடந்ததை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! மத்தேயு 14. காற்றைப் பார்த்துப் பயந்தான், அமிழ்ந்தான், "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றான். மூன்றே வார்த்தை. உடனே இயேசு கையை நீட்டிப் பிடிக்கிறார். "ஏன் சந்தேகப்பட்டாய்?" என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. பிடித்த கையை விடாமல் கேட்ட கேள்வி அது. நானோ பதிலைத் தயார் செய்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்று இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தேன். அந்த மூன்று வார்த்தையை அங்கேயே சொன்னேன். மெதுவாகத்தான், சி.எஸ்.ஐ. கூச்சம்.

மறுநாள் ரயில் கூடூர் தாண்டுவதற்குள் ஜெபக் கடிதத்தை எழுதி முடித்தேன். கதவு தட்டிய ராத்திரியை முதல் வரியிலேயே போட்டேன்.