கிலியட் எங்கிருந்து வந்தது?

மார்கரெட் ஆட்வுட் 1985-இல் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை எதிர்காலக் கற்பனை என்று அறிமுகப்படுத்துவதே வழக்கம். ஆனால் மனித வரலாற்றில் எங்கேனும் ஏற்கெனவே நிகழாத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று அவர் தமக்கே விதித்துக்கொண்ட நெறியை அறிந்த பின், கடந்த காலத்தைப் பற்றிய நூலாகவே அதை என்னால் படிக்க முடிகிறது.

ஆதியாகமத்தின் 30ஆம் அதிகாரம் நூலின் முகப்பில் மேற்கோளாக நிற்கிறது. பிள்ளையில்லாத ராகேல் தன் வேலைக்காரி பில்காளைக் கணவன் யாக்கோபிடம் அனுப்பி, அவள் பெறும் பிள்ளைகளைத் தன்னுடையவர்களாக்கிக்கொள்கிறாள். அந்த அதிகாரத்தில் ராகேல் பேசுகிறாள், லேயாள் பேசுகிறாள், யாக்கோபு கோபம்கொள்கிறான். பில்காள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் பெற்ற தாண், நப்தலி இருவருக்கும் பெயரிடுபவளும் ராகேல்தான். நாவலில் அமெரிக்காவின் இடத்தில் எழும் மதவாத ஆட்சியான கிலியட் அரசு இந்தச் சில வசனங்களைச் சட்டமாகவும் மாதாந்தரச் சடங்காகவும் மாற்றுகிறது. ஆட்வுட்டோ, பில்காளின் இடத்தில் நிறுத்தப்பட்ட பெண்ணிடமே கதை முழுவதையும் ஒப்படைத்துவிடுகிறார். நாவலின் ஆகத் துணிவான செயல் இதுவே என்று நான் கருதுகிறேன்.

வேதாகமம் அந்த நாட்டில் பூட்டிவைக்கப்படுகிறது. பெண்கள் வாசிக்கக் கூடாது. அதனால்தான் இயேசுவின் மலைப்பிரசங்கத்தில், மௌனமாயிருப்பவர்கள் பாக்கியவான்கள் என்று இல்லாத வசனமொன்றைத் துணிந்து நுழைக்க முடிகிறது. அது பொய் என்று கதைசொல்லிக்குத் தெரியும், ஆனால் சரிபார்க்க வழியில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை 1740-இல் அமெரிக்காவின் தென் கரோலினா சட்டமியற்றித் தடுத்ததிலும், ஆளப்படுவோரின் எழுத்தறிவைக் கண்ட இத்தகைய அச்சமே தெரிகிறது.

நாவல் இருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஒருவர் பெரி மில்லர், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்களை ஆராய்ந்த ஹார்வர்டு அறிஞர், ஆட்வுட்டின் ஆசிரியர். மற்றவர் மேரி வெப்ஸ்டர்: 1683-இல் சூனியக்காரி என்ற குற்றச்சாட்டிலிருந்து பாஸ்டன் நீதிமன்றம் விடுவித்த பின்னரும், ஹேட்லி ஊரார் அவரைப் பிடித்துத் தூக்கில் தொங்கவிட்டனர்; அவர் பிழைத்துக்கொண்டார். சமயச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் என்று போற்றப்படும் அதே சமூகம்தான், வீட்டில் கூட்டம் நடத்தி மறையுரைகளை விவாதித்த ஆன் ஹட்சின்சனை 1638-இல் நாடுகடத்தியது. குவேக்கர் என்னும் வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660-இல் தூக்கிலிட்டது. கிலியட்டின் அதிகார மையத்தை ஹார்வர்டு வளாகத்திலேயே ஆட்வுட் அமைத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆயினும் மதம் மட்டுமே இத்தகைய ஆட்சியை உருவாக்கும் என்று எண்ணிவிடலாகாது. நாத்திகம் பேசிய ருமேனிய அரசு, 1966-இன் 770ஆம் ஆணையால் கருக்கலைப்பை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்தது. சட்டவிரோதக் கருக்கலைப்புகளால் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டனர். 1989 டிசம்பரில் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்த பிறகே அந்த ஆணை நீங்கியது. நாவலின் பின்னுரையில், 2195-இல் கூடும் வரலாற்றாசிரியர்கள் ருமேனியாவை கிலியட்டின் முன்னோடியாகவே குறிப்பிடுகிறார்கள். கதைசொல்லியான பெண் தன் கதையைப் பதிந்துவைத்த ஒலிநாடாக்களைக் கையில் வைத்துக்கொண்டே, அவளை ஆண்ட தளபதியின் கணினியிலிருந்து இருபது பக்கங்களாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று அவர்களில் ஒரு பேராசிரியர் ஏங்குவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.