என் உடம்பு எனக்குத் தெரியாதா?

புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர்களில் பலர் முதல் இரவில் கேட்பது ஒன்றுதான்: மூத்திரம் முட்டுகிறது, பாத்ரூமுக்குப் போக வேண்டும். அந்தப் பெரியவரும் கேட்டார்.

"குழாய் போட்டிருக்கிறது ஐயா. மூத்திரம் தானாகப் பையில் இறங்குகிறது. முட்டுவதுபோல் இருப்பது குழாயால்தான். முக்காதீர்கள்" என்றேன்.

"என் உடம்பு எனக்குத் தெரியாதா அம்மா?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். சிறுநீர்ப்பையைக் கழுவ உள்ளே விட்ட சலைனுக்கு (உப்புநீருக்கு)க் குறையாமல் பையில் இறங்கியிருந்தது. நிறம் வெளிர் சிவப்பு, இரத்தக்கட்டி இல்லை. குழாய் மடங்கவில்லை, அடிவயிறு உப்பவில்லை. மிஞ்சுவது குழாயின் உள்நுனியில் இருக்கும் பலூன்தான். 30 மில்லியோ அதற்கு மேலோ நீர் நிரப்பி, சிறுநீர்ப்பையின் கழுத்தில் அதை உட்கார வைத்திருக்கிறோம். அதை வெளியே தள்ளியாக வேண்டும் என்று சிறுநீர்ப்பை சுருங்குகிறது. வலி குறி நுனிவரை சுண்டி இழுக்கிறது. முக்கினால் இன்னும் கூடும். ஆகவே நான் சொன்னது சரிதான்.

ஆனால் அவருடைய விரிப்பு நனைந்திருந்தது. சுருக்கம் வரும்போது குழாயைச் சுற்றி ஒழுகுவது வழக்கம் என்று நாங்கள் விரிப்பை மாற்றிவிட்டுப் போய்விடுவோம். யோசித்தால், அவருடைய சிறுநீர்ப்பை நிஜமாகவே மூத்திரம் கழித்திருக்கிறது. அவர் சொன்னதில் என்ன தவறு?

இதே வார்த்தைகளை முன்பு இன்னொருவர் சொன்னபோது குழாயை இரத்தக்கட்டி அடைத்திருந்தது. 50 மில்லி சிரிஞ்சால் கழுவிவிட்டதும் பெருமூச்சு விட்டார். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குக் கிருமித்தொற்று. முறையிடுவது ஒன்று, காரணம் வேறு வேறு. அதனால் நோயாளி சொல்வதைக் காட்டிலும் குழாயையும் பையையும் நம்பப் பழகினேன். பழகாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

டாக்டர் ஆக்சிபியூட்டினின் எழுதினார். சுருக்கம் அடங்கும், ஆனால் வாய் உலரும், மலம் இறுகும், வயதானவர்களுக்குச் சில நேரம் புத்தி தடுமாறும். இறுகிய மலமே மறுபடி சுருக்கத்தைக் கிளப்பலாம் என்பதால் மலமிளக்கிக்கும் கேட்டு வாங்கினேன்.

காலையில் வலி எப்படி என்று விசாரித்தேன். "நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் அறுவைக்கு முதல்நாளே, இப்படி முட்டும், அது நிஜமான சுருக்கம்தான் என்று சொல்லிவைக்கிறேன். சிலருக்கு அது தைரியம் தருகிறது. சிலர் கேட்டதிலிருந்தே பயப்படத் தொடங்கிவிடுகிறார்கள். யாருக்கு எது நேரும் என்று முகத்தைப் பார்த்துக் கணிக்க முடிவதில்லை. ஆனாலும் எல்லோரிடமும் சொல்கிறேன்.