ஷிங்கா, ஹாங்கா? ஆறு கோட்டுச் சீன எழுத்து ஒன்றின் கணக்கு

சீன மொழி கற்கிறவர்கள் மிக ஆரம்பத்திலேயே முட்டிக்கொள்ளும் எழுத்து 行. ‘பயணம்’ என்ற சொல்லில் இருக்கிறது, ‘வங்கி’யிலும் இருக்கிறது. பயணத்தில் அதை ஷிங் என்று படிக்க வேண்டும்; வங்கியில் ஹாங். இப்படிப்பட்டவற்றைச் சீனர்கள் ‘துவோயின்த்ஸ’ என்பார்கள், பல ஒலி எழுத்துகள்.

எழுதுவது சுலபம். இடது பாதியில் சாய்ந்த சிறு கோடு, அதன் கீழே சாய்ந்த பெரிய கோடு, பிறகு நேர்க்கோடு. வலது பாதியில் குட்டையான கிடைக்கோடு, அதற்குக் கீழே நீளமான கிடைக்கோடு, கடைசியில் அடியில் கொக்கி வளைந்த நேர்க்கோடு. மொத்தம் ஆறு.

உச்சரிப்பில்தான் கவனம் வேண்டும். இரண்டு ஒலிப்பும் இரண்டாம் தொனி, அதாவது குரல் கீழிருந்து மேலேறும். ஆகவே தொனியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஷிங்கின் முதல் ஒலி நம் ‘ஷ’ அல்ல. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்துக்கொண்டு, நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு அருகே உயர்த்திக் காற்றை விட வேண்டும். நுனியை மேலே மடக்கினால் வேறு மெய்யெழுத்தாகிவிடும். தமிழ் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘சிங்கம்’ என்று சொல்லும்போது ங்-க்குப் பிறகு ஒரு ககரம் வருகிறது அல்லவா, அது இங்கே வரக்கூடாது. ‘அங்ஙனம்’ என்பதில் உள்ள ங் போல மூக்கொலியோடு நிறுத்த வேண்டும்.

இரண்டு ஒலிப்புகளும் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பாதி குறையும். ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறித்த மிகப் பழைய வடிவத்தில் இந்த எழுத்து ஒரு நாற்சந்தியின் படம். சாலை என்றால் நடப்பது: அதுதான் ஷிங். சாலை நேராக நீள்வதால் வரிசை: அதுதான் ஹாங். தாங் அரசமரபுக் காலத்தில் (618–907) நகரச் சந்தைகளில் ஒரே தொழில்காரர்களின் கடைகள் ஒரே வரிசையில் இருந்தன. அந்த வரிசைக்கும் அந்த வணிகர் குழுவுக்கும் ஹாங் என்றே பெயர். வரிசை தொழிலாயிற்று, தொழில் வணிக நிறுவனமாயிற்று. வெள்ளி பணமாகப் புழங்கிய நாட்டில் வெள்ளியைக் கையாளும் நிறுவனம் ‘யின்ஹாங்’, அதாவது வங்கி. 1842 வரை தென்சீனத் துறைமுகமான குவாங்சோவில் அயல்நாட்டு வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்த ‘பதின்மூன்று ஹாங்’ வணிகர்கள் பெயரிலும் இருப்பது இதே எழுத்துதான். அந்தப் பகுதியின் கன்டோனிய மொழியில் அதை ஹோங் என்பார்கள்.

இனிச் சொற்கள். நடை, செயல், பரவுதல் பக்கம் எல்லாம் ஷிங்: ஷிங்ரென் (பாதசாரி), ஷிங்லி (பயண மூட்டை), ல்யூஷிங் (பயணம்), த்ஸஷிங்ச்செ (மிதிவண்டி), லியூஷிங் (பரவலாக வழங்குவது). ‘சரி’, ‘முடியும்’, ‘திறமையானவர்’ என்ற பொருள்களிலும் ஷிங்தான். ‘ஷிங் பு ஷிங்?’ என்றால் சரியா, ஆகுமா. ‘புஷிங்’ என்றால் ஆகாது. வரிசை, தொழில், நிறுவனம் பக்கம் ஹாங்: ஹாங்யே (தொழில்துறை), நெய்ஹாங் (தொழில் உள்ளறிந்தவர்), வாய்ஹாங் (தொழில் தெரியாதவர்), கைஹாங் (தொழில் மாறுதல்), ஹாங்ச்சிங் (சந்தை நிலவரம்), பாய்ஹாங் (உடன்பிறந்தவர்களில் எத்தனையாவது ஆள் என்ற வரிசை). வங்கியின் கிளை, தலைமையகம், மைய வங்கி ஆகியவற்றின் கடைசி எழுத்தும் ஹாங்.

செயலானால் ஷிங், பெயரானால் ஹாங் என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். பாதி தூரம்தான் அது வரும். பாதசாரியும் மூட்டையும் பெயர்ச்சொற்கள்தானே? இலக்கணத்தை விட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள்: அசைவு இருக்கிறதா, வரிசை இருக்கிறதா?

உண்மையான சிக்கல், எழுதும்போது ஒன்றாகவும் படிக்கும்போது இரண்டாகவும் நிற்கும் சொற்களில். ‘ஒரே’ என்ற பொருளுள்ள எழுத்தோடு இது சேரும்போது தொங்ஷிங் என்றால் சேர்ந்து பயணம் செய்தல், தொங்ஹாங் என்றால் அதே தொழில் செய்பவர். ‘அவர் என் …’ என்று வந்தால் ஹாங். ‘அவரோடு …’ என்று வந்தால் ஷிங். ‘ஒன்று’ என்ற எண்ணுக்குப் பின் வருவது இன்னும் நுணுக்கமானது. எழுத்துகள், மரங்கள், கண்ணீர்த் தாரை என எதையாவது வரிவரியாக எண்ணினால் ‘யி ஹாங்’. சேர்ந்து பயணம் போகும் குழு என்றால் ‘யி ஷிங்’. முன்னால் இரண்டு, மூன்று என்ற எண்கள் இருந்தால் குழப்பமே இல்லை, ஹாங்தான்; குழு என்ற பொருள் ‘ஒன்று’டன் மட்டுமே வரும்.

வங்கித் தலைவருக்கான சொல்லில் பொறி இரண்டு. அடுத்து வரும் எழுத்துக்கும் இரண்டு ஒலிப்பு: ‘நீளம்’ என்றால் ச்சாங், இரண்டாம் தொனி, ‘தலைவர், வளர்தல்’ என்றால் ஜாங், மூன்றாம் தொனி. ஆக நான்கு விதமாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. ஹாங்ஜாங் மட்டுமே சரி.

தட்டச்சு இதற்கு நல்ல ஆசிரியர். ஒலியை உள்ளிட்டு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வங்கிக்கு யின்ஷிங் என்று அடித்துப் பாருங்கள், ஜிங்கோ மரத்தின் பெயர் வந்து நிற்கும். யின்ஹாங் என்று அடித்தால்தான் வங்கி வரும். எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகும்போது இந்தப் பிழை வெளியே தெரியாமலே இருந்துவிடும்.

அதனால் தனி எழுத்தை ஒரு பக்கமும் அதன் எல்லா ஒலிப்புகளையும் மறு பக்கமும் எழுதி நினைவட்டை செய்யாதீர்கள். அட்டைக்கு ஒரு சொல், முழுச் சொல்லுக்கு ஒரே ஒலிப்பு. முதலில் பயணம், வங்கி இரண்டையும் உறுதியாக்குங்கள். புதிய சொல் வரும்போது அது எந்தப் பக்கம் சேரும் என்று ஊகித்துவிட்டுப் பிறகு அகராதியைப் பாருங்கள். அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். கூடவே சில அரிய ஒலிப்புகளும் தென்படும். சீனாவின் பழைய சமயங்களில் ஒன்றான தாவ நெறியினரின் தவவலிமையைக் குறிக்கும் ‘தாவ்ஹெங்’ அப்படி ஒன்று. அந்த ஒரு சொல்லோடு கற்றால் போதும். ‘நன்னடத்தை’ போன்ற சொற்களில் நான்காம் தொனியில் ஷிங் என்ற பழைய ஒலிப்பும் இருந்தது. சீனப் பெருநிலத்தில் 1985இல் வெளியான ஒலிப்புத் திருத்தப் பட்டியல் அதை இரண்டாம் தொனியோடு சேர்த்துவிட்டது. தைவான் அகராதிகளில் நான்காம் தொனி இன்னும் இருக்கிறது. இரண்டு நாட்டுப் பாடங்களையும் கலந்து படிப்பவர்கள் இதைப் பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

பயிற்சிக்குச் சீனர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு வாக்கியம்: ‘ரென் யாவ்ஷ ஷிங், கான் யி ஹாங் ஷிங் யி ஹாங், யி ஹாங் ஷிங், ஹாங் ஹாங் ஷிங்.’ ஆள் திறமைசாலி என்றால் எந்தத் தொழிலில் இறங்கினாலும் அதில் தேறுவார். ஒன்றில் தேறினால் எல்லாவற்றிலும் தேறுவார் என்று பொருள். நம் எழுத்து இதில் ஒன்பது முறை வருகிறது, நான்கு ஷிங், ஐந்து ஹாங். ‘யி’க்குப் பின் வந்தால் ஹாங், கடைசித் துண்டில் இரட்டித்து வரும் முதல் இரண்டும் ஹாங், மீதி எல்லாம் ஷிங்.